லண்டனில் ஒரு சைவப் பையன்

1888 செப்டம்பர் 4. பம்பாய் துறைமுகத்தில் கப்பல் ஏறிய மோகன்தாஸ் கரம்சந்த் காந்திக்கு அன்று பத்தொன்பது வயதுகூட நிறையவில்லை. அதற்குள் கல்யாணமாகி ஐந்து வருடம் ஆகியிருந்தது. வீட்டில் கைக்குழந்தை வேறு. பவநகரில் கல்லூரியில் சேர்ந்து, பாடம் தலையில் ஏறாமல் ஒரே பருவத்தில் திரும்பி வந்த பையன் அவர். லண்டன் போய் பாரிஸ்டர் ஆகலாம் என்று குடும்ப நண்பர் ஒருவர் யோசனை சொல்ல, உடனே பிடித்துக்கொண்டார்.

கிளம்புவது அவ்வளவு சுலபமாக இல்லை. கடல் கடந்தால் ஆசாரம் போய்விடும் என்று பம்பாயில் இருந்த அவரது சாதிப் பஞ்சாயத்து அவரைத் தள்ளி வைத்தது. வழியனுப்பப் போகிறவர்களுக்கு ஒரு ரூபாய் நாலணா அபராதம் என்றும் அறிவித்தது. அம்மா புத்லிபாயின் பயம் வேறு மாதிரி. ஒரு சமண முனிவர் முன்னிலையில் மகனிடம் மூன்று சத்தியம் வாங்கிக்கொண்ட பிறகுதான் சம்மதித்தார். மது, மாது, மாமிசம் மூன்றையும் தொடக்கூடாது.

இந்த மூன்றாவது சத்தியம்தான் பையனைப் படாதபாடு படுத்தியது. கப்பலிலேயே ஆரம்பித்துவிட்டது. கத்தியும் முள்கரண்டியும் பிடிக்கத் தெரியாது. எந்தப் பதார்த்தத்தில் மாமிசம் இல்லை என்று கேட்கக் கூச்சம். ஊரிலிருந்து கொண்டுவந்த இனிப்பையும் பழங்களையும் அறைக்குள்ளேயே உட்கார்ந்து தின்று நாளை ஓட்டினார்.

இங்கிலாந்தில் இறங்கும்போது வெள்ளை ஃபிளானல் உடுப்பு! குளிர்காலம் தொடங்குகிற நேரம், ஊரே கறுப்பில் நடமாடுகிறது. மாற்றிக்கொள்ளலாம் என்றால் பெட்டியும் சாவியும் ஏஜென்ட் கம்பெனியிடம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, வராது. விக்டோரியா ஹோட்டலுக்குப் பார்க்க வந்த டாக்டர் பிராண்ஜீவன் மேத்தாவின் பட்டுத்தொப்பியை ஆசையாகத் தடவிப் பார்த்து, எதிர்த்திசையில் தடவியதால் அதன் மயிரைக் கலைத்தும்விட்டார். அன்றே முதல் பாடம் நடந்தது. பிறர் பொருளைத் தொடாதே, முதல் சந்திப்பிலேயே நம்மூர் மாதிரி கேள்வி கேட்காதே, உரக்கப் பேசாதே, எல்லோரையும் 'சார்' போடாதே. இன்றைக்கு வெளிநாடு போகும் மாணவருக்கும் யாராவது இப்படி ஒரு பட்டியல் சொல்லித்தான் அனுப்புகிறார்கள்.

ஹோட்டல் பில் மூன்று பவுண்டு. ஒன்று பிடிக்கவில்லை என்று இன்னொன்று கேட்டால் இரண்டுக்கும் காசு. அவ்வளவு கொடுத்தும் வயிறு காலி! இரவில் அம்மாவையும் வீட்டையும் நினைத்து அழுகை. திரும்பிப் போகவும் முடியாது. வந்தாயிற்று, மூன்று வருடம் முடித்தாக வேண்டும்.

பிறகு தங்கிய இடங்களிலும் இதே கதைதான். காலையில் ஓட்ஸ் கஞ்சி, மற்ற வேளை ரொட்டி, ஜாம், உப்புச்சப்பில்லாத கீரை. வெஸ்ட் கென்சிங்டன் வீட்டுக்கார அம்மாவின் இரண்டு பெண்கள் இரக்கப்பட்டு இன்னும் ஒன்றிரண்டு துண்டு ரொட்டி வைப்பார்கள். முழு ரொட்டி வைத்தாலும் போதாத பசி என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? நண்பர் ஒருவர், படிக்காத அம்மாவுக்குச் செய்த சத்தியம் இங்கே செல்லாது என்று வாதாடிப் பார்த்தார். பதிலுக்கு வாதம் செய்யத் தெரியாவிட்டாலும் பையன் அசையவில்லை.

அப்புறம் நடந்தார். தினமும் பத்துப் பன்னிரண்டு மைல், சைவ உணவகம் எங்காவது இருக்கிறதா என்று தேடி. ஒரு நாள் ஃபேரிங்டன் தெருவில் 'சென்ட்ரல்' கண்ணில் பட்டது. வாசலில் விற்பனைக்கு இருந்த ஹென்றி சால்ட்டின் சைவ உணவு பற்றிய புத்தகத்தை ஒரு ஷில்லிங்குக்கு வாங்கிக்கொண்டு உள்ளே போனார். இங்கிலாந்து வந்த பிறகு அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டார். அதுவரை அம்மாவுக்காகச் சைவம். அந்தப் புத்தகத்தைப் படித்த பிறகு தன் விருப்பத்தால் சைவம்.

இடையில் ஒரு மூன்று மாதம் துரை ஆகும் பைத்தியமும் பிடித்தது. பாண்ட் தெருவில் பத்துப் பவுண்டுக்கு உடுப்பு, நடன வகுப்பு, வயலின், மேடைப் பேச்சுப் பயிற்சி! நடனத்தில் தாளத்துக்குக் கால் வரவேயில்லை. அண்ணன் அனுப்பும் பணம் கரைவது உறைத்ததும் எல்லாவற்றையும் நிறுத்தினார். ஒற்றை அறை, ஒரு அடுப்பு, ஓட்ஸும் கோகோவும். சாப்பாட்டுச் செலவு ஒரு நாளைக்கு ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸ். செலவழித்த காசுக்கெல்லாம் கணக்கு. எங்கும் நடை.

படிப்பு நடந்த இன்னர் டெம்பிளில் ஒரு வேடிக்கை. பாரிஸ்டர் ஆகத் தேர்வு மட்டும் போதாது, விருந்துகளிலும் உட்கார்ந்து எழ வேண்டும். நால்வருக்கு இரண்டு பாட்டில் ஒயின் கணக்கு. குடிக்காத காந்தியைத் தங்கள் மேசைக்கு இழுக்க எப்போதும் போட்டி.

லண்டன் மெட்ரிகுலேஷனில் லத்தீனில் ஒருமுறை தோற்று, மறுபடி எழுதி 1890இல் தேறினார். சைவ உணவுச் சங்கத்தின் நிர்வாகக் குழுவிலும் இடம் கிடைத்தது. அங்கே எழுந்து பேசத்தான் நா எழாது.

1891 ஜூன் 10 பாரிஸ்டர், 11 உயர்நீதிமன்றப் பதிவு, 12 கப்பல். ஒரு நாள்கூடக் கூடுதலாக இருக்கவில்லை. பம்பாயில் அண்ணன் காத்திருந்தார். அம்மா இறந்துவிட்டார் என்ற சேதியை அப்போதுதான் சொன்னார். அந்நிய ஊரில் தனியாகக் கிடந்து தவிப்பான் என்று அதுவரை மறைத்து வைத்திருந்தார்கள்.