சங்கிலிக்குப் பதில் ரப்பர் பெல்ட்: ஒரு செலவுக் கணக்கு

பி.காம் படிக்கிறவனுக்கு எஞ்சினுக்குள் என்ன வேலை என்று கேட்காதீர்கள். இது பாதி காஸ்ட் அக்கவுண்டிங் கதைதான் :-)

நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்ற வேண்டும். அப்போதுதான் வால்வுகள் நேரத்துக்குத் திறந்து மூடும். இரண்டையும் இணைக்க முதலில் இருந்தவை பல்சக்கரமும் இரும்புச் சங்கிலியும்தான். சங்கிலி நன்றாக உழைக்கும். ஆனால் சத்தம் போடும், ஆயில் கேட்கும், ஆயில் ஒழுகாத மூடியும் வேண்டும். எல்லாமே செலவு.

1962-ல் ஜெர்மனியின் டிங்கோல்ஃபிங் ஊரிலிருந்து கிளாஸ் 1004 என்ற சின்னக் கார் விற்பனைக்கு வந்தது. விவசாயக் கருவிகள் செய்துகொண்டிருந்த குடும்பக் கம்பெனி அது. 1951-ல் ஸ்கூட்டர், 1955-ல் காகோமொபில் என்ற குட்டிக் கார் என்று வளர்ந்தவர்கள். பெருமளவில் தயாரான கார்களில் பல் வைத்த ரப்பர் பெல்ட்டால் கேம் ஷாஃப்டைச் சுற்றிய முதல் கார் இதுதான். (அமெரிக்காவில் 1954-லேயே டெவின்-பன்ஹார்ட் ரேஸ் காரில் இப்படி ஒரு பெல்ட் ஓடியிருக்கிறது.) 1966-ல் ஃபியட்டும் பான்டியாக்கும் அதே வழிக்கு வந்தன. வேடிக்கை என்னவென்றால், அதே வருடம்தான் கிளாஸை பி.எம்.டபிள்யூ வாங்கியது. சங்கிலியையே நம்பியிருந்த பி.எம்.டபிள்யூ, 1977-ல் தன் எம்20 ஆறு சிலிண்டர் எஞ்சினுக்கு பெல்ட்டைப் போட்டது.

பழைய கார்ப் பிரியர்கள் இந்த எம்20-ஐ வீட்டிலேயே பிரித்து மாட்டுகிறார்கள். அவர்களுக்கு வயிற்றைக் கலக்கும் இடம் டைமிங் வைப்பதுதான். முதல் சிலிண்டர் பிஸ்டனை டாப்பில் நிறுத்தி, கிராங்க் குறியையும் கேம் சக்கரத்துக் குறியையும் அதனதன் கோட்டுக்கு நேராக வைத்து, புது பெல்ட்டை மாட்டி டென்ஷனரை விட வேண்டும். உடனே சாவி போடக்கூடாது! கையால் கிராங்க்கை இரண்டு முழுச்சுற்று சுற்றிவிட்டு குறிகளை மறுபடி பார்க்க வேண்டும். ஏன் இரண்டு? அப்போதுதான் கேம் ஒரு சுற்று முடித்து பழைய இடத்துக்கு வரும். நடுவில் எங்காவது முட்டினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும், பலம் காட்டக்கூடாது. ஓடும்போது பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வில் இடிக்கும். வால்வு வளையும், ராக்கர் உடையும், ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான்.

இப்போது என் பாடத்துக்கு வருகிறேன். பெல்ட்டால் தயாரிப்புச் செலவு குறைந்தது. மேலே கேம் வைத்த நல்ல எஞ்சின் சாதாரணக் கார்களுக்கும் வந்தது. அதை மறுக்க முடியாது. ஆனால் சில வருடங்களுக்கு ஒருமுறை பெல்ட் மாற்றும் செலவு, மறந்தால் எஞ்சினே போகும் ஆபத்து இரண்டும் வாங்கியவர் தலையில் ஏறின. ஷோரூம் விலையில் இது தெரியாது. செகண்ட் ஹேண்டில் வாங்குபவருக்கோ பழைய பெல்ட்டின் வயதுகூடத் தெரியாது. கம்பெனி மிச்சம் பிடித்ததை யாரோ மூன்றாவது கை கட்டுகிறார். எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

1990-ல் எம்20-க்கு அடுத்து வந்த எம்50 எஞ்சினில் பி.எம்.டபிள்யூ சங்கிலிக்கே திரும்பிவிட்டது. எம்20 கார்களை வைத்திருப்பவர்கள் இன்னமும் பெல்ட் மாற்றி, இரண்டு சுற்று கையால் சுற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.