மார்ன் ஆற்றில் ஒரு ஜனவரி

ஸ்கூபா கருவியின் வரலாற்றைக் கடலிலிருந்து தொடங்குவதே வழக்கம். ஜாக் கூஸ்தோவின் திரைப்படங்கள் அதற்குக் காரணமாகலாம். ஆயினும் அவரது கருவி முதலில் நனைந்தது நன்னீரில், அதுவும் கடுங்குளிரில்.

ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது பாரிசில் பெட்ரோல் அரிதாயிற்று. கார்களை எரிவாயுவில் ஓட்டுவதற்கென எமில் கான்யான் என்னும் பொறியாளர் ஒரு வால்வை உருவாக்கியிருந்தார். மூச்சை இழுக்கும்போது மட்டும், சூழ்ந்துள்ள நீரின் அழுத்தத்திற்கு ஈடாகக் காற்றைத் தருமாறு அதனை இருவரும் மாற்றியமைத்தனர். (இவ்வகை வால்வை ரூக்கெரோல், தெனெரூஸ் ஆகியோர் 1860களிலேயே செய்திருந்தனர், அவர்களை நினைப்பார் இல்லை.)

1943 ஜனவரியில் மார்ன் ஆற்றில் சோதனை நடந்தது. கூஸ்தோ நிமிர்ந்து நின்றபோது காற்று வீணாகக் கொப்பளித்து வெளியேறியது. தலைகீழாகக் கவிழ்ந்ததும் மூச்சை இழுப்பதே கடினமாயிற்று. காற்று வெளியேறும் வழி, உள்வரும் வழியைவிடச் சில அங்குலம் உயரத்தில் இருந்தது. அச்சிறு உயரமே அழுத்தத்தை மாற்றிற்று. ஆழத்தில் அது உயிரையே பறித்திருக்கக்கூடும். இரண்டையும் ஒரே மட்டத்தில் பொருத்தியபின் குறை நீங்கியது. கருவி கடலைக் கண்டது ஜூனில்தான்.

இன்று குளிர்காலக் குளங்களில் மூழ்குவோரும் காற்று நில்லாமல் கொப்பளிப்பதைக் காண்பதுண்டு. அதனை மார்ன் குறையோடு சேர்த்துப் பேசுவது பொருந்தாது. உறைந்த குளத்தின் அடிநீர் ஏறக்குறைய 4 பாகை செல்சியசில் இருக்கும். சிலிண்டரின் காற்று வால்வில் விரியும்போது மேலும் குளிர்கிறது. ஈரம் பனிக்கட்டியாகி வால்வை மூடவிடாமல் தடுக்கிறது. ஆகவே பனிக்கட்டியின் கீழ் இறங்குவோர், தனித்தனியே அடைக்கத்தக்க இரண்டு வால்வுகளுடன் செல்கின்றனர்.