நெய்யாற்றின்கரையின் தமிழ் மருமகள்

திருப்புறத்திலிருந்து புறப்பட்டால் நெய்யாற்றின்கரை மிக அண்மையிலேயே உள்ளது. தெற்கே பாறசாலையைக் கடந்தால் தமிழ்நாடு. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநில எல்லைகள் திருத்தப்பட்டபோது கல்குளமும் விளவங்கோடும் தமிழ்ப் பகுதியோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. இந்த எல்லையைப் பற்றிப் பேசாத தமிழ்க் குடும்பம் நம்மிடையே இல்லை. எனினும் எல்லைக்கு இருபுறமும் உரிமையுடைய ஓர் அம்மையாரின் வரலாறு நம் பிள்ளைகளுக்கு அவ்வளவாகத் தெரியாது. அதனை இவ்வாண்டு மலரிலே எடுத்துக் கூற விழைகின்றேன்.

நெய்யாற்றின்கரையில் 1904ஆம் ஆண்டு பிறந்தவர் ஜி. இராமச்சந்திரன். சாந்திநிகேதனத்தில் பயின்று, காந்தியடிகளின் அணுக்கத் தொண்டராகி, பின்னர் காந்திகிராமக் கிராமியக் கல்லூரியின் தலைவராக விளங்கியவர். அவருடைய துணைவியாரே டாக்டர் சௌந்தரம் அம்மையார். கல்லூரித் தலைவரின் மனைவி என்று மட்டும் அவரைச் சொன்னால் பாதி வரலாறு மறைந்துபோகும். அக்கல்லூரி நின்ற மண்ணைப் பண்படுத்தியதில் அம்மையாரின் பங்கு கணவரின் பங்குக்குச் சற்றும் குறைந்ததன்று.

அவரும் 1904ஆம் ஆண்டிலேயே பிறந்தவர். தந்தையார், மதுரையில் பேருந்துத் தொழிலை வளர்த்துப் பெரும்புகழ் பெற்ற டி. வி. சுந்தரம் ஐயங்கார். செல்வத்துக்குக் குறைவில்லாத வீடு. ஆயினும் அக்கால வழக்கப்படி இளமையிலேயே மணம் நிகழ்ந்தது. கணவர் ஒரு மருத்துவர். கொள்ளைநோய் அவரைக் கொண்டுபோயிற்று. உலகம் இன்னதென்று அறியும் முன்னரே சௌந்தரம் கைம்பெண்ணானார்.

அந்நாளில் கைம்பெண்ணுக்கு நம் சமூகம் வகுத்திருந்த வாழ்வு யாது? வீட்டின் ஒரு மூலை. நல்ல காரியங்களில் ஒதுக்கம். பிறர் குழந்தைகளைத் தாலாட்டும் வேலை. அம்மையார் அம்மூலையில் அமரவில்லை. மறைந்த கணவரின் தொழிலையே தாமும் கற்கத் துணிந்து, தொலைவிலுள்ள தில்லிக்குச் சென்று, லேடி ஹார்டிஞ்சு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே உடன் பயின்ற சுசீலா நய்யார் வாயிலாகக் காந்தியடிகளின் தொடர்பு கிட்டியது. 1936இல் மருத்துவப் பட்டத்தோடு வெளிவந்தார்.

தீண்டாமை ஒழிப்புப் பணி அவரையும் இராமச்சந்திரனையும் ஒன்றுசேர்த்தது. இருவரும் மணம்புரிய விரும்பினர். மொழி வேறு, சாதி வேறு, மணமகளோ கைம்பெண். பெற்றோர் இசையவில்லை. காந்தியடிகளும் உடனே தலையசைத்துவிடவில்லை. ஓராண்டுக் காலம் கடிதத் தொடர்பும் இன்றிப் பிரிந்திருங்கள். அதன் பின்னரும் உள்ளம் மாறாதிருந்தால் வாருங்கள் என்பது அவருடைய அறிவுரை. இருவரும் அதற்கு உடன்பட்டுக் காத்திருந்தனர். 1940ஆம் ஆண்டு நவம்பரில் அடிகளும் கஸ்தூரிபாய் அம்மையாரும் முன்னின்று அத்திருமணத்தை நடத்திவைத்தனர்.

1944இல் கஸ்தூரிபாய் மறைந்தபின் அவர் பெயரால் நினைவு நிதி திரட்டப்பட்டது. கிராமத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பயன்படவேண்டும் என்பதே அந்நிதியின் நோக்கம். தமிழ்நாட்டில் அதன் பொறுப்பை அடிகள் சௌந்தரம் அம்மையாரிடம் ஒப்படைத்தார். திண்டுக்கல்லை அடுத்த சின்னாளப்பட்டி நெசவாளர் மிகுந்த ஊர். அங்கே இரண்டே படுக்கைகளோடு ஒரு சிறு மருத்துவ நிலையம் தொடங்கிற்று. அதுவே பின்னாளில் கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தது. 1947ஆம் ஆண்டு அக்டோபரில் கணவனும் மனைவியுமாகக் காந்திகிராமத்தை நிறுவினர். பேறுகால உதவி, தொழுநோய்த் தடுப்பு, ஆதாரப் பள்ளி, கதர்த் தொழில், கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு இல்லம் என்று பணிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளைத்தன. 1956இல் அங்கே கிராமிய உயர்கல்வி நிலையம் தோன்றிற்று. அது 1976இல் பல்கலைக்கழக நிலை எய்தியபோது இராமச்சந்திரனே முதல் துணைவேந்தரானார்.

வரிசையைக் கவனியுங்கள். முதலில் வந்தது தாய்மார்க்கான மருத்துவம். கல்லூரி பின்னர் வந்தது. பிள்ளை பிழைத்து வளர்ந்தாலன்றோ கல்லூரிக்குப் போகும்!

மக்கள் அவரைச் சட்டமன்றத்துக்கும் அனுப்பினர். 1952இல் ஆத்தூரிலும் 1957இல் வேடசந்தூரிலும் வென்றார்; 1962இல் திண்டுக்கல்லிலிருந்து நாடாளுமன்றம் சென்று மத்தியக் கல்வித் துணையமைச்சரானார். அவ்வாண்டே பத்மபூஷண் விருதும் பெற்றார். 1967 தேர்தலில் தோல்வி நேர்ந்தது. பதவி போயிற்று, பணி போகவில்லை. காந்திகிராமம் அவரை எதிர்நோக்கியிருந்தது. எண்பதாண்டு நிறைவாழ்வு வாழ்ந்து, 1984ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் மறைந்தார். இராமச்சந்திரன் தம் இறுதி ஆண்டுகளில் நெய்யாற்றின்கரைப் பகுதிக்கே திரும்பி, அங்கும் சேவை நிலையம் அமைத்து, 1995இல் காலமானார்.

அன்பர்களே! எல்லைக்கு அப்பால் பிறந்த ஒருவர் தமிழ்க் கிராமங்களைத் தமக்கு ஊராகக் கொண்டார். தமிழ்மகள் ஒருவர் நெய்யாற்றின்கரைக்கு மருமகளானார். பிறந்த ஊரைவிட்டு வந்து இக்குடியிருப்பில் வாழும் நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. வந்த ஊருக்கு நம்மால் ஆனதைச் செய்யும்போதே அவ்வூர் நமக்கும் சொந்தமாகும்.

மற்றொன்றும் சொல்லவேண்டும். இன்றும் நம் வீடுகளில் இளமையில் துணையிழந்த மகளிர் இருக்கின்றனர். அவர்கள் வந்தால் பேச்சைத் தாழ்த்துகின்றோம். மங்கல விழாக்களில் அவர்களுக்கு இடம் ஒதுக்கத் தயங்குகின்றோம். படிக்கவோ பணிசெய்யவோ மீண்டும் மணம்புரியவோ அவர்கள் விரும்பினால் தடையாகாதிருப்போம். ஒரு மூலையில் அடங்கிப்போயிருக்கக்கூடிய ஒருவரால் எத்தனை தாய்மார் பிழைத்தனர் என்பதை எண்ணிப் பார்த்தால், அத்தயக்கம் நம்மை விட்டு நீங்கும்.

வாழ்க அம்மையார் புகழ்!