புலி, நங்கூரம், கள்ளுக்கடை

மலாயா பீரின் கதை சிங்கப்பூர் துறைமுகத்தில் தொடங்குகிறது. 1931இல் ஹைனக்கனும் பிரேசர் அண்ட் நீவும் கூட்டுச்சேர்ந்து மலாயன் புரூவரிஸைத் தொடங்கின. 1932இல் டைகர் வந்தது. மறுவருஷமே ஜெர்மன் முதலீட்டில் ஆர்க்கிபெலாகோ ஆலை ஆங்கரை இறக்கியது. புலிக்கும் நங்கூரத்துக்கும் போட்டி.

அந்தப் போட்டியைச் சந்தை முடிக்கவில்லை, போர்தான் முடித்தது. ஜெர்மனியோடு போர் மூண்டதும் ஆர்க்கிபெலாகோ எதிரிச் சொத்தாகி அரசின் கைக்குப் போனது. 1941இல் மலாயன் புரூவரிஸ் அதை வாங்கிக்கொண்டது.

என்னை யோசிக்க வைப்பது இந்த 1941தான். அதே வருஷம் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆர். எச். நாதன் முன்னின்ற அந்தப் போராட்டத்தில் கூலி உயர்வோடு இன்னொரு கோரிக்கையும் இருந்தது: கள்ளுக்கடையை மூடு. அரசு ராணுவத்தை இறக்கியது, நாதனை நாடு கடத்தியது. ஒரு பீர் ஆலையையே கைப்பற்ற முடிந்த அரசுக்கு, லயத்துப் பக்கத்துக் கள்ளுக்கடையை மூட மனசு வரவில்லை.

ஏன்? கள்ளு ஒரு நாள் தாங்காது, புளிச்சுப் போயிடும். அதனால் குடிப்பவன் இருக்கும் இடத்திலேயே விற்றாக வேண்டும். நியாலாஸ் மாதிரி ரப்பர் காடுகளில் குடிப்பவன் எங்கேயும் போகமாட்டான். உரிமம் அரசுடையது, கடை தோட்டத்துக்குள்ளே. கொடுத்த சம்பளத்தில் ஒரு பங்கு அங்கேயே திரும்பிவிடும். பீர் அப்படியில்லை. பாட்டிலில் அடைத்தால் ரயிலேறும், லாரியேறும், தொரைமார் கிளப்பு வரைக்கும் போகும். ஒன்று பெயரோடு பயணம் போனது. மற்றது பெயரில்லாமல் லயத்திலேயே கிடந்தது.

போருக்குப் பிறகும் சண்டை ஓயவில்லை. 1946-47இல் கெடாவில் ஏ. எம். சாமியின் தொண்டர் படை கள்ளுக்கடைகளை மறித்தது. போலீஸ் அடக்கியது.

பீரோ வளர்ந்துகொண்டே போனது. 1956இல் அந்தோணி பர்ஜெஸ் தன் மலாயா நாவலுக்கு டைகர் விளம்பர வாசகத்தையே தலைப்பாக்கினார். மலேசியாவில் 1989இல் கின்னசும் ஆங்கரும் ஒரே நிறுவனமாயின; 2016இல் அது ஹைனக்கன் மலேசியா ஆனது.

குடி கெடுதி என்பது நமக்குத் தெரியாத விஷயமில்லை. அதைத் தெருவில் இறங்கிச் சொன்னவர்கள் தோட்டத்து ஆட்கள்தான். ஆனாலும் இன்றுவரை 'தோட்டத்தான் குடிகாரன்'னு ஏச்சு மட்டும் நம்ம தலையில். கடையை யார் திறந்தாங்க, யார் மூடச் சொல்லி அடி வாங்கினாங்கன்னு எவனும் கேக்கிறதில்ல. டைகர் வரலாற்றை 1932இல் தொடங்குவார்கள். நாம எழுதினா 1941லேர்ந்து தொடங்கணும்.