பெயர் இழந்த கோப்புகள்

கணனியில் ஒரு கோப்பை அழித்தல் என்பது அதன் பெயரை நீக்குவதா, பொருளையே நீக்குவதா? அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே கென் தொம்சன், டெனிஸ் றிச்சி ஆகியோர் 1969இல் தொடங்கி உருவாக்கிய யுனிக்ஸ் பணிசெயல் முறைமை இவ்வினாவுக்குத் தெளிவான விடையொன்றைக் கொண்டிருந்தது. அங்கே கோப்பின் உடல் வேறு, பெயர் வேறு. பெயர் என்பது அடைவில் எழுதப்பட்ட ஒரு சுட்டு மாத்திரமே. கோப்பின் அளவு, வட்டில் அது இருக்கும் இடம், அதற்குள்ள பெயர்களின் எண்ணிக்கை என்பன ‘ஐநோட்’ எனும் பதிவிலே தங்கின. அழிக்கும் பணிக்கு ‘அன்லிங்க்’, அதாவது தொடுப்பை அவிழ்த்தல், எனப் பெயரிட்டமை மிகப் பொருத்தமே. இறுதிப் பெயர் நீங்கிய பின்னரும், கோப்பைத் திறந்துவைத்துள்ள செய்நிரல் அதனை மூடும்வரை அவ்வுடல் அழிவதில்லை.

இதிலிருந்து பயனுள்ள வழக்கமொன்று பிறந்தது. தற்காலிகக் கோப்பை ஆக்கித் திறந்தவுடனேயே அதன் பெயரை நீக்கிவிடுவர். செய்நிரல் இடைநடுவே முறிந்தாலும் குப்பை எஞ்சாது. எனினும் ஆக்குதற்கும் நீக்குதற்கும் இடைப்பட்ட கணம் ஆபத்தானது. பலரும் எழுதக்கூடிய பொது அடைவில், ஊகிக்கத்தக்க பெயரைப் பிறரொருவர் முந்திக்கொண்டு வேறொரு கோப்பை நோக்கித் தொடுத்துவைக்கலாம். ஆதலின் ஊகிக்கவியலாப் பெயரைத் தெரிந்து, அது முன்னர் இல்லாதவிடத்து மாத்திரம் ஆக்கும் முறை வேண்டப்பட்டது.

1984இல் சண் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் என்.எப்.எஸ். எனும் வலைக்கோப்பு முறைமையை உருவாக்கியபோது பழைய வாக்குறுதி தளர்ந்தது. எவர் எக்கோப்பைத் திறந்துள்ளார் என்பதைச் சேவையகம் நினைவிற் கொள்ளாதபடி அது வேண்டுமென்றே அமைக்கப்பட்டிருந்தது. சேவையகம் விழுந்தெழுந்தாலும் வேலை தொடரவேண்டும் என்பதே நோக்கம், அது நியாயமானதுமாகும். ஆனால் நினைவற்ற சேவையகம், நீக்கு என்றவுடன் திறந்துள்ள கோப்பையும் உண்மையாகவே நீக்கிவிடும். எனவே பயனாளர் பக்கக் கணனி அக்கோப்புக்கு ‘.என்.எப்.எஸ்.’ எனத் தொடங்கும் மறைபெயரொன்றைச் சூட்டி, மூடப்பட்ட பின்னரே அழித்தது. பொறியியலாளர் இதனை ‘அசட்டுப் பெயர்மாற்றம்’ என்றே அழைத்தனர். அசடு என்பது மிகையன்று: அக்கணனி முறிந்தால் மறைபெயர்க் கோப்பு எஞ்சிவிடும், வேறொரு கணனியிலிருந்து எவரேனும் அழித்தால், படித்துக்கொண்டிருந்த செய்நிரலுக்கு வழுச்செய்தியே கிட்டும்.

2013இல் வெளிவந்த லினக்ஸ் 3.11 பிறிதொரு வழியைத் திறந்தது. அதன்படி கோப்பு பெயரின்றியே பிறக்கலாம். மேற்கூறிய ஆபத்தான கணமே இல்லை. ஆயினும் எல்லாக் கோப்பு முறைமைகளும் இதனை ஏற்பதில்லை. மறுப்புக் கிடைத்தவிடத்து, ஆக்கிப் பெயர் நீக்கும் பழைய முறைக்கே செய்நிரல்கள் திரும்புகின்றன.