பதரி கேதார நடைவழியும் அதன் சட்டிகளும்

தலைநகரில் குடியேறி வாழும் நம்மவருள் பதரிகாசிரமமும் கேதாரமும் சென்று வந்தோர் பலர். கோல் மார்க்கெட்டில் இராச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு பேருந்தில் அமர்ந்தால், பொழுது புலர்கையில் ரிஷிகேசத்தில் கங்கையைக் காணலாம். மறுநாளோ அதற்கடுத்த நாளோ பதரிநாதனின் சந்நிதி. இவ்வளவு எளிதாகிவிட்ட இந்த யாத்திரை, நம் பாட்டன்மார் காலத்தில் வாரக்கணக்கில் கால்நடையாக நிகழ்ந்தது. அவர்கள் நடந்த வழி யாது, அவர்கள் படுத்துறங்கிய இடங்கள் என்னவாயின என்பதைச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இமயத்துத் தலங்கள் தமிழர்க்குப் புதியன அல்ல. கேதாரத்தைச் சம்பந்தரும் சுந்தரரும் பாடினர். ஆனால் காளத்தியில் இருந்தவாறே பாடினர் என்று பெரியபுராணம் கூறும். வதரியைப் பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடினர். கயிலை காணப் புறப்பட்ட அப்பரடிகளோ, காசிக்கு அப்பால் வழியில்லாக் காட்டில் கால் தேய, கை தேய, மார்பு தேய ஊர்ந்து சென்றதாகச் சேக்கிழார் காட்டுகிறார். வழி என்பது இல்லாவிடத்து அடியவர்க்கு நேரும் துன்பத்தை இதனினும் தெளிவாக உரைத்தவர் யாருமிலர்.

மலைவழிக்குச் செலவு செய்தவர் யார்? கடுவால், குமாவூன் நாடுகளை ஆண்ட பழைய அரசர்கள், யாத்திரிகர்க்கு அன்றாடம் உணவிடும் பொருட்டுச் சில ஊர்களின் வருவாயை ஒதுக்கி வைத்திருந்தனர். அதற்குச் சதாவர்த்தம் என்று பெயர். ஆங்கிலேயர் ஆட்சி வந்தபின் 1816 முதல் 1835 வரை குமாவூன் கமிஷனராக இருந்த டிரெயில் என்பார், அந்த வருவாயைக் கொண்டே 1827-28ஆம் ஆண்டுகளில் இரு தலங்களுக்கும் பாதை அமைக்க முற்பட்டார். பிற்காலத்தில் பாலங்களுக்கும் தங்குமிடங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் இந்த நிதியே உதவிற்று. அன்னதானத்துக்கென விட்ட நிலம் பாதைக்குச் செலவாகலாமா என்று வாதிடுவோர் இருக்கலாம். பாதை இல்லையேல் உண்ண வருபவரும் இல்லை என்பதே நம் கருத்து.

இனிச் சட்டிகளைப் பற்றிச் சொல்லுவோம். வழியில் சில மைல்களுக்கு ஒன்றாக அமைந்த தங்கல் இடத்துக்கே அங்குச் சட்டி என்று பெயர். ஹனுமான் சட்டி, கருட சட்டி, பூல் சட்டி என்ற ஊர்ப்பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. நம்மவர் இதனைச் சமைக்கும் சட்டியென மயங்க வேண்டா. ஆயினும் அம்மயக்கம் முற்றும் பிழையுமன்று! சட்டிக்காரன் இடத்துக்கு வாடகை கேளான். சமைக்கப் பாத்திரமும் தருவான். அரிசி, கோதுமை மாவு, நெய், விறகு ஆகியவற்றை அவனிடமே வாங்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. கல்லடுக்கிய சுவர், புல்லோ பலகைக் கல்லோ வேய்ந்த கூரை, ஒரு பக்கம் திறந்த நீண்ட கொட்டகை; அவ்வளவே. பனியிலும் மழையிலும் சிதைந்த கூரையை அடுத்த யாத்திரைக் காலத்துக்குள் அவனே செப்பனிட்டாக வேண்டும்; இல்லையேல் யாத்திரிகர் அடுத்த சட்டிக்கு நடந்துவிடுவர். பராமரிப்புக்கு இதைவிடச் சிறந்த சட்டம் எந்தச் செயலகத்தில் இயற்ற முடியும்? குறைகளும் இருந்தன. ஹரித்வார மேளாக்களிலிருந்து வாந்திபேதி இச்சட்டிகள் வழியாகவே மலையேறிப் பல உயிர்களைக் கொண்டது.

இத்துறையில் மறக்கலாகாத பெருமகனார், கருங்கம்பளிச் சாமியார் எனப் பொருள்படும் காலீ கம்லீ வாலா என்று பெயர்பெற்ற சுவாமி விசுத்தானந்தர். ரிஷிகேசத்தில் அறநிலையம் நிறுவி, வழிநெடுகத் தருமசாலைகள் எழக் காரணமானவர். அவர் வேண்டுகோளை ஏற்றே கல்கத்தா வணிகர் சூரஜ்மல் ஜுன்ஜுன்வாலா 1889இல் இலட்சுமண ஜூலாவில் இரும்புக்கயிற்றுப் பாலம் அமைத்தார். 1924ஆம் ஆண்டு வெள்ளம் அதனை அடித்துச் சென்றது. 1930இல் திறக்கப்பட்ட மறுபாலமும் பிற்காலத்தில் பழுதுற்று மூடப்பட்டது.

தென்னாட்டிலும் இத்தகைய ஏற்பாடு இருந்தது. தஞ்சையிலிருந்து இராமேசுவரம் செல்லும் வழியிலுள்ள சத்திரங்களையும் அவற்றின் மானியங்களையும் தொடலாகாது என்று சரபோஜி மன்னர் 1801இல் கம்பெனி அதிகாரிக்கு மடல் எழுதினார். வடக்கிலிருந்து வந்தவர்க்கு அங்கே சோறு. தெற்கிலிருந்து சென்றவர்க்கு இங்கே கூரை. பின்னர் புகைவண்டி வந்து நடப்பவரைக் கவர்ந்துகொண்டது. இதில் நம் இலாகாவுக்கும் பங்குண்டு!

மலையில் இம்மாற்றம் தாமதமாகவே நிகழ்ந்தது. 1886இல் ஹரித்வாரத்துக்கு ரயில் வந்தும், அதற்கப்பால் நடையே கதியாக இருந்தது. மோட்டார்ச் சாலை சிறிது சிறிதாக மேலேறிற்று. 1962ஆம் ஆண்டுச் சீனப் போருக்குப் பின் எல்லையை நோக்கிய சாலைகள் விரைந்து எழுந்தன. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பதரி வரை வண்டி சென்றது. சட்டிக்காரன் என் செய்வான்? சாலையோரம் இறங்கித் தேநீர்க்கடை வைத்தான். வேயாத புற்கூரை சில மழைக்கு மேல் நில்லாது. பாதையின் கதியும் அதுவே. ஒரு மடை அடைபட்டால் மழைநீர் பாதையையே கால்வாயாக்கிக்கொள்ளும். அடுத்த பருவத்தில் தாங்குசுவர் சரியும். இருப்புப்பாதையில் ஊழியம் செய்யும் நமக்கு இது விளங்காத செய்தியன்று. நாள்தோறும் கீமேன் நடந்து பார்க்கும் வரையில்தான் அது பாதை.

நடப்பாரில்லாத வழி கெட்டால் யாருக்கு நட்டம் என்று கேட்கலாம். 2013 ஜூன் 16, 17 தேதிகளில் கேதாரத்துக்கு மேலுள்ள சோராபாரி ஏரி உடைந்து வெள்ளம் வந்தது. கெளரிகுண்டத்துக்கும் கேதாரத்துக்கும் இடைவழித் தங்கலாக இருந்த ராம்வாடா இருந்த இடம் தெரியாது போயிற்று, நடைபாதையும் போயிற்று. உயிர் பிழைக்கக் காட்டுச்சரிவுகளில் ஏறியோர் பலர். திரியுகி நாராயணத்திலிருந்து கேதாரம் செல்லும் பழைய நடைவழியில் 2016இல் பல எலும்புக்கூடுகள் கண்டெடுக்கப்பட்டன. மூன்று ஆண்டுகளாக அவ்வழியே அவர்களைக் காணத்தக்க அளவில் ஒருவரும் நடக்கவில்லை என்பதை எண்ண நெஞ்சம் கலங்குகிறது. ஓரிடத்தில் ஒரு கூரையும் ஒரு மூட்டை விறகும் இருந்திருந்தால் அவருள் சிலரேனும் வீடு திரும்பியிருப்பர்.

கேதாரத்துக்குப் புதுப்பாதையை உத்தரகாசியிலுள்ள நேரு மலையேற்றப் பயிற்சி நிலையத்தார் கடுங்குளிரிலும் உழைத்து அமைத்தனர். பழைய 14 கிலோமீட்டர் இப்போது ஏறத்தாழ 16. நான்கு தலங்களின் பழைய நடைவழியைத் தேடி 2021இல் உத்தராகண்ட அரசின் ஆதரவுடன் ஒரு குழு புறப்பட்டது. மறுபுறம் ரிஷிகேசத்திலிருந்து கர்ணப் பிரயாகைக்கு 125 கிலோமீட்டர் ரயில்பாதை, பெரும்பாலும் சுரங்கமாகவே, உருவாகி வருகிறது. அது முடிந்தால் சாலையோரத் தேநீர்க்கடைகளும் சட்டிகளைப் பின்தொடருமோ என்னவோ.

இவ்வாண்டு யாத்திரை செல்லும் சங்க அன்பர்கள், முதியோரை ரிஷிகேசத்தில் இளைப்பாறச் செய்துவிட்டு, பிள்ளைகளை மட்டும் கங்கையின் இடக்கரையில் பூல் சட்டி வரை காலையில் நடத்திச் செல்லலாம். ஆற்றைத் தழுவிச் செல்லும் அவ்வழியே பதரிக்கான பழைய வழி. குடிநீரும் குடையும் கைவசம் இருக்கட்டும்.