பொருத்தமும் படியும்: தேடுபொறி வளர்ந்த வரலாறு

நூல்கள் பெருகப் பெருக, வேண்டிய நூலைக் கண்டெடுக்கும் கலையும் வளர்ந்தே தீரவேண்டும். ஏடுகள் நூறாக இருந்த காலத்தில் அவற்றைக் காத்தவரின் நினைவாற்றலே போதுமானதாக இருந்தது. நூல்கள் ஆயிரமானபோது பட்டியல் வேண்டியதாயிற்று. இலட்சமானபோது பகுப்பு முறை வேண்டியதாயிற்று. இன்றோ இணையப் பக்கங்கள் கோடி கோடியாகக் குவிந்து கிடக்கின்றன. அவற்றுள் நாம் கேட்டதற்குப் பொருந்துவது எது, ஒன்றைப் பார்த்து எழுதிய படி எது என்று நொடிப்பொழுதிற் பிரித்துக் காட்டும் பணியைத் தேடுபொறியிடம் ஒப்படைத்திருக்கிறோம். கட்டுரை எழுத அமரும் மாணவர் முதலில் நாடுவது அதனையே. ஆசிரியரும் அதற்கு விலக்கல்லர். ஆகவே அது எவ்வாறு தீர்ப்புச் சொல்கிறது என்பதைத் தமிழ் கற்பிப்போர் அறிந்திருத்தல் நலம். இம்முறை ஒரு நாளில் தோன்றியதன்று. நூலகவியலாரும் கணினி அறிஞரும் பல்லாண்டு உழைத்துக் கண்டது. அதன் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

சொல்லடைவே அடிப்படை

தேடுபொறியின் உள்ளே இருப்பது தமிழாசிரியர் நன்கறிந்த ஒரு பொருளே; அதுதான் சொல்லடைவு. ஒரு நூலில் ஒவ்வொரு சொல்லும் எந்தெந்த இடத்தில் வருகிறது என்று அகர வரிசையிற் காட்டுவது சொல்லடைவு. ஐரோப்பாவில் 13ஆம் நூற்றாண்டிலேயே, பாரிசு நகரத்து டொமினிக்கன் துறவியர், செயின்ட் ஷேர் ஊரினரான ஹியூ என்பாரின் மேற்பார்வையில், விவிலியத்துக்கு இத்தகைய அடைவு ஒன்றைத் தொகுத்தனர். தேடுபொறி இணையப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் படித்து, எச்சொல் எப்பக்கத்தில் உள்ளது என்று பேரடைவு ஒன்றை முன்னதாகவே ஆக்கி வைத்துக்கொள்கிறது. நாம் ஒரு சொல்லை இட்டவுடன் அது உலகம் முழுதும் ஓடித் தேடுவதில்லை; தன் அடைவைப் புரட்டிப் பார்க்கிறது. விரைவின் காரணம் இதுவே.

ஆனால் அடைவு இடத்தைச் சொல்லுமேயன்றித் தரத்தைச் சொல்லாது. ஒரு சொல் பத்து இலட்சம் பக்கங்களில் இருப்பின் அவற்றுள் எதனை முதலில் வைப்பது? இவ்வினாவே பொருத்தம் என்னும் ஆராய்ச்சிக்கு வித்திட்டது.

பொருத்தத்தை அளந்தவர்கள்

இத்துறையில் தமிழர் ஒருவரின் பங்கு குறிப்பிடத்தக்கது. சீர்காழியிற் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். அரங்கநாதன், 1931இல் நூலகவியலுக்கு ஐந்து விதிகளை வகுத்தார். படிப்பவரின் காலம் வீணாகலாகாது என்பது அவற்றுள் ஒன்று. 1933இல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்பு முறை, ஒரு பொருளை ஒரே பெட்டியில் அடைக்காமல், அதன் பல முகங்களையும் தனித்தனியே பிரித்துக் குறிக்கும் புதுவழியைக் காட்டிற்று.

அவ்வழியும் பிற வழிகளும் உண்மையில் எவ்வளவு பயன் தருகின்றன என்று அளந்து பார்க்க முற்பட்டவர் இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டு வானூர்திக் கல்லூரி நூலகர் சிரில் கிளெவர்டன். 1957ஆம் ஆண்டளவில் தொடங்கிய முதல் ஆய்வில் 18,000 ஆவணங்களை நான்கு முறைகளில் அட்டவணைப்படுத்தித் தேடிப் பார்த்தார். அந்நான்கனுள் அரங்கநாதன் வழிவந்த முகப்பகுப்பு முறையும் ஒன்று. நான்கிற்கும் இடையே பெருத்த வேறுபாடு காணப்படவில்லை. 1960களில் நடந்த இரண்டாம் ஆய்வில் 1,400 கட்டுரைகளையும் 225 வினாக்களையும் வைத்துச் சோதித்தார். நுட்பமான வகுப்பு முறைகளைவிடக் கட்டுரையிற் காணப்படும் எளிய தனிச்சொற்களே நல்ல பயன் தந்தன என்னும் முடிவு அறிஞர் பலரையும் வியப்பில் ஆழ்த்திற்று. இயந்திரம் தானே படித்து அடைவு செய்யலாம் என்னும் நம்பிக்கைக்கு இது வலுவூட்டியது.

கிரான்ஃபீல்டு ஆய்வு நமக்குத் தந்த அளவுகோல்கள் இரண்டு. ஒன்று துல்லியம், மற்றொன்று முழுமை. நூலகத்தில் நமக்குப் பொருந்தும் கட்டுரைகள் 20 உள்ளன எனக் கொள்வோம். இயந்திரம் 10 கட்டுரைகளை எடுத்துத் தருகிறது. அவற்றுள் 8 பொருந்துகின்றன. துல்லியம் பத்துக்கு எட்டு. முழுமையோ இருபதுக்கு எட்டே. ஒன்றைக் கூட்ட முயன்றால் மற்றது பெரும்பாலும் குறையும். மேலும், எது பொருந்துவது என்று இறுதியிற் சொன்னவர் மனிதரே. இயந்திரத்தின் தராசுக்குப் படிக்கல் மனித அறிவுதான் என்பதை மறத்தலாகாது.

அரிய சொல்லுக்கே எடை மிகுதி

சொற்களை எண்ணிப் பொருளை ஊகிக்கலாம் என்று 1950களின் பிற்பகுதியில் எடுத்துக்காட்டியவர் ஐ.பி.எம். நிறுவனத்து ஹான்ஸ் பீட்டர் லூன். 'ஒரு', 'அந்த', 'என்று' போன்று எங்கும் வருஞ்சொற்கள் பொருளைக் காட்டா. எப்பொழுதோ ஒருமுறை வருவனவும் காட்டா. இடைப்பட்டனவே கட்டுரையின் பொருளைச் சுட்டும் என்பது அவர் கருத்து.

1972இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் அம்மையார் இதனை மேலும் செம்மைப்படுத்தினார். ஒரு சொல் எத்தனை ஆவணங்களில் வருகிறதோ அத்தனைக்கு அதன் எடை குறையும் என்றார். தமிழ் இலக்கணக் கட்டுரைகள் ஆயிரம் உள்ள தொகுப்பில் 'தமிழ்' என்று தேடினால் ஆயிரமும் வந்து நிற்கும், பயனில்லை. 'குற்றியலுகரம்' என்று தேடினால் சிலவே வரும், அவையே வேண்டுவன. ஒரு பக்கத்தில் மிகுதியாகவும் பிற பக்கங்களில் அருகியும் வருஞ்சொல்லே அப்பக்கத்தின் அடையாளம். இக்காலத்தே அமெரிக்காவின் கார்னல் பல்கலைக்கழகத்தில் ஜெரார்டு சால்ட்டன் குழுவினர், ஆவணத்தையும் வினாவையும் கணிதத் திசைக்கோடுகளாக்கி, அவற்றின் நெருக்கத்தால் பொருத்தத்தை அளக்கும் முறையை வளர்த்தனர்.

இம்முறைகளில் ஒரு குறை இருந்தது. நூலகக் கட்டுரைகளை எழுதியவர்க்கு இயந்திரத்தை ஏமாற்றும் எண்ணம் இல்லை. இணையத்திலோ வணிக நோக்குடையார் புகுந்தனர். எண்ணிக்கையே எடை என்றறிந்தவுடன், ஒரே சொல்லை நூறு முறை திரும்ப எழுதியும், கண்ணுக்குத் தெரியாத நிறத்தில் மறைத்து எழுதியும் தம் பக்கங்களை முன்னுக்குக் கொண்டுவந்தனர். எழுதியவர் தம்மைப்பற்றித் தாமே சொல்வது சான்றாகாது என்பது அப்போது தெளிவாயிற்று.

பிறர் கூறும் சாட்சி

இதற்கு மாற்று அறிவியல் உலகிலிருந்து வந்தது. 1955இல் யூஜின் கார்ஃபீல்டு, எந்த ஆய்வுக் கட்டுரையை எவரெவர் மேற்கோளாகக் காட்டுகின்றனர் என்று தொகுத்தால் அறிவின் வழித்தடம் புலப்படும் என்று எழுதினார். 1964இல் அறிவியல் மேற்கோள் அடைவு நூலாக வெளிவந்தது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களான லாரி பேஜ், செர்கே பிரின் ஆகிய இருவரும் இக்கருத்தை இணையத்துக்குப் பொருத்தினர். ஒரு பக்கம் மற்றொரு பக்கத்துக்கு இணைப்புக் கொடுப்பது அதற்குச் சாட்சி சொல்வது போன்றது. எல்லாச் சாட்சிகளும் ஒரே மதிப்பின அல்ல. பலராலும் மதிக்கப்பட்ட பக்கத்தின் சாட்சிக்கு எடை மிகுதி. ஊர் மன்றத்திற் சான்றோர் ஒருவர் சொல்லுக்கும் வழிப்போக்கர் சொல்லுக்கும் உள்ள வேறுபாடு இது. 1998இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் 2 கோடியே 40 இலட்சம் பக்கங்களைக் கொண்ட முன்மாதிரியை விளக்கினர். அவ்வாண்டே கூகுள் நிறுவனம் தோன்றிற்று. பின்னர் சாட்சியையும் விலைக்கு வாங்க முனைந்தோர் உண்டாயினர். அவரைத் தடுக்கும் முறைகளும் தொடர்ந்தன.

படியைக் கண்டுபிடித்த வழி

இனிப் படியெடுத்தலைப் பார்ப்போம். பழைய ஏடுகளைப் பதிப்பிப்போர்க்குப் பல படிகள் கிடைப்பது பெரும்பேறு. ஒன்றோடொன்று ஒப்புநோக்கிப் பாடவேறுபாடு காண்பர். தேடுபொறிக்கோ படி ஒரு சுமை. ஒன்றுபோன்ற பத்துப் பக்கங்களை வரிசையாகக் காட்டினால் தேடுவோர் சலிப்படைவர். அடைவும் வீணே பெருக்கும்.

முற்றிலும் ஒன்றான இரு பக்கங்களைக் கண்டறிவது எளிது. தலைப்பை மாற்றி, இரண்டொரு சொல்லைத் திருத்தி வெளியிடப்பட்டதைக் கண்டறிவதே அரிது. அக்காலத்துப் புகழ்பெற்ற ஆல்டாவிஸ்டா தேடுபொறியை 1995இல் வெளியிட்ட டிஜிட்டல் நிறுவனத்தின் ஆய்வகத்தில் ஆந்திரே பிராடரும் உடன்பணியாளரும் 1997இல் இதற்கு வழி கண்டனர். கூரை வேயும் ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்திக் கிடப்பதுபோல, தொடரைச் சொற்கூட்டங்களாக அடுக்குவதே அவ்வழி.

'மழை பெய்து ஆறு பெருகி ஊர் செழித்தது' என்னும் தொடரை மும்மூன்று சொல்லாக எடுப்போம். 'மழை பெய்து ஆறு', 'பெய்து ஆறு பெருகி', 'ஆறு பெருகி ஊர்', 'பெருகி ஊர் செழித்தது' என நான்கு கூட்டங்கள் கிடைக்கும். ஒருவர் 'ஊர்' என்பதை 'நாடு' என மாற்றி எழுதினால் முதலிரண்டும் அப்படியே நிற்கும், பின்னிரண்டும் மாறும். இரு தொடரிலும் உள்ள வெவ்வேறு கூட்டங்கள் ஆறு, பொதுவானவை இரண்டு, ஒப்புமை மூன்றில் ஒரு பங்கு. பிராடர் குழுவினர் பத்துச் சொற்களைக் கொண்ட கூட்டங்களை எடுத்து, ஒவ்வொன்றையும் எண்ணாக்கி, அவ்வெண்களில் ஒரு சிறு பகுதியை மட்டும் வைத்து ஒப்பிட்டனர். 3 கோடிப் பக்கங்களை ஆராய்ந்தபோது, பாதியளவேனும் ஒப்புமையுடைய பக்கங்களைக் குழுவாக்கினால் 1 கோடியே 23 இலட்சம் பக்கங்கள் ஏதேனும் ஒரு குழுவிற் சேர்வதைக் கண்டனர். இணையம் பிறந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே படியின் பெருக்கம் அவ்வளவு!

பின்னர் மோசஸ் சாரிகர் 2002இல் கண்ட முறையைத் தழுவி, கூகுள் ஆய்வாளர்கள் 2007இல் மற்றொரு வழியை விளக்கினர். ஒவ்வொரு பக்கத்துக்கும் 64 இலக்கங் கொண்ட கைரேகை ஒன்று. இரு கைரேகைகள் மூன்று இலக்கத்துக்கு மேல் வேறுபடாவிடின் அவை ஏறத்தாழ ஒரே பக்கம். 800 கோடிப் பக்கங்களுக்கும் இது ஏற்றதெனக் காட்டினர்.

மூலம் எது?

இங்கேதான் நாம் கருத்தூன்ற வேண்டும். இரு பக்கங்கள் ஒன்றுபோல் உள்ளன என்று கைரேகை சொல்லும். எது முன்னது, எது பின்னது, எவர் உழைத்தார், எவர் கவர்ந்தார் என்று சொல்லாது. ஒப்புமையைக் காணும் கருவிக்கு உரிமையைக் காணும் கண் இல்லை. ஆகவே குழுவுக்கு ஒரு பக்கத்தைத் தேர்ந்து முன்னிறுத்தும்போது, பிறர் தந்த இணைப்புகள் போன்ற புற அடையாளங்களையும் தேடுபொறி சார்ந்து நிற்கிறது. எழுதிய ஆசிரியரின் எளிய பக்கம் பின்தங்க, அதனைப் பெயரின்றி எடுத்து வெளியிட்ட பெரிய தளம் முன்னிற்கவும் கூடும்.

படியிருந்தாலே தண்டனை என்னும் அச்சமும் பலரிடம் உண்டு. ஏமாற்றும் நோக்கமின்றி ஒரே பகுதி இரண்டிடத்தில் அமைவதற்குத் தண்டனை இல்லை என்று கூகுள் 2008இல் விளக்கியது. ஒன்றைத் தேர்ந்து மற்றவற்றை ஒதுக்குவதே வழக்கம். 2009இல் கூகுள், யாகூ, மைக்ரோசாஃப்ட் ஆகிய மூன்றும், மூலப்பக்கம் எது என்று வெளியிடுவோரே குறித்துக்காட்டும் அடையாளம் ஒன்றை ஏற்றன. 2011இல் கூகுள் செய்த பெருமாற்றம் ஒன்று, பிற தளங்களிலிருந்து எடுத்து நிரப்பிய தளங்களையும் சரக்கில்லாத தளங்களையும் பின்னுக்குத் தள்ளியது. அமெரிக்காவில் நிகழ்ந்த தேடல்களில் ஏறத்தாழ 12 விழுக்காடு அதனால் மாறுதல் அடைந்ததாக அந்நிறுவனம் அறிவித்தது.

தமிழுக்குரிய இடர்கள்

மேற்கண்ட முறைகள் பெரிதும் ஆங்கிலத்தை வைத்து உருவானவை. ஆங்கிலச் சொல்லின் ஈற்றை நீக்கி அடியைக் காணும் எளிய முறையை மார்ட்டின் போர்ட்டர் 1980இல் தந்தார். தமிழிலோ 'மரம்' என்பது மரத்தை, மரத்தில், மரங்களுக்கு எனப் பலவாறு திரியும். 'தமிழ்ப்பள்ளி', 'தமிழ்ப் பள்ளி', 'தமிழ் பள்ளி' ஆகிய மூன்றும் நமக்கு ஒன்று. எழுத்தை மட்டும் நோக்கும் கருவிக்கு மூன்று. ஒற்று விடுவதும் சொற்பிரிப்பு மாறுவதும் பொருத்தத்தையும் கெடுக்கும். படியை மறைக்கவும் உதவும்.

எழுத்தேற்றத்திலும் இடருண்டு. 1990களில் தமிழ் எழுத்துருக்கள் தத்தமக்கெனத் தனித்தனி எண்முறை கொண்டிருந்தன. ஒரே கட்டுரை இரு எழுத்துருவில் இருப்பின் இயந்திரத்துக்கு அவை தொடர்பற்ற இரண்டாகும். இக்குழப்பத்தைத் தீர்க்க 1997இல் சிங்கப்பூரில் கூடிய மாநாட்டை முன்னின்று நடத்தியவருள் ஒருவர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. 1999இல் சென்னையிலும் மாநாடு கூடிற்று. பின்னர் ஒருங்குறி பரவியது. ஒருங்குறியிலும் 'கொ' என்பதன் குறியை ஓர் எண்ணாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என ஈரெண்ணாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றே, முன்னதாகச் சீர்செய்யாவிடின் கருவிக்கு வேறு.

ஆசிரியர் செய்யத்தக்கவை

இவ்வரலாறு நமக்குக் காட்டும் வழி தெளிவானது. பொருளுக்குரிய சிறப்புச் சொற்களைத் திருத்தமாகவும் ஒற்றுப்பிழையின்றியும் எழுதுக. பிறர் எழுதியதைப் பயன்படுத்தினால் பெயரோடு மூலப்பக்கத்துக்கு இணைப்பும் தருக. அது நன்றியுமாம், சாட்சியுமாம். தம் கட்டுரையை இரண்டிடத்தில் வெளியிடுவோர் எது மூலம் என்று குறித்து வைக்க. மாணவர்க்கோ, முதலில் நிற்பது மூலமென்று கொள்ளாமல், எழுதியவர் யார், எப்பொழுது எழுதினார், எங்கிருந்து எடுத்தார் என்று வினவும் பழக்கத்தை வகுப்பறையிலேயே ஊட்டுக. படியைக் கண்டுபிடிக்கும் பொறுப்பை இயந்திரத்திடம் ஒப்படைக்கலாம்; எழுதியவருக்கு உரிய பெயரைக் கொடுக்கும் பொறுப்பு என்றும் நம்முடையதே.